கேஸ் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்: பாலியல் வன்முறைக்குப் பிறகு டெல்டாவில் மனநலச் சிகிச்சை பெறும் வழி

எனக்கு அது நடந்தபோது வயது 23. பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் ஒரு ஊர். என்ன நடந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு சிகிச்சைக்காக அலைந்த அலைச்சலைத்தான் எழுதுகிறேன்.

“முதல்ல கேஸ் முடியட்டும், மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்” என்று வீட்டில் சொன்னார்கள். நானும் சரி என்றேன். பதினோரு மாதம் அப்படியே போனது. ஒரு இரவுகூட மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை. வயலில் டீசல் எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டாலே கை கால் சில்லிட்டுவிடும். குறுவைக்குத் தண்ணீர் இறைக்கும் காலத்தில் எங்கள் ஊரில் அந்தச் சத்தம் கேட்காத தெரு கிடையாது. கடைசியில் அத்தைதான் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வழக்கு வேறு, வைத்தியம் வேறு என்று அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வைத்தியத்துக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம். நீங்கள் அந்தப் பதினோரு மாதத்தை இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. நடந்து ஐந்து நாளுக்குள் என்றால், முதலில் அரசு மருத்துவமனை

மனசைப் பிறகு பார்க்கலாம், உடம்புக்குக் கெடு இருக்கிறது. எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையையும் 72 மணி நேரத்துக்குள் போடுவதே நல்லது. ஐந்து நாள் வரை பலன் இருக்கலாம், ஆனால் நாள் போகப் போகக் குறையும். மருந்துக்கடை கடையாக இதைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். பல கடைகளில் இருப்பதில்லை. மருத்துவமனையில் இலவசமாகவே கொடுப்பார்கள். மஞ்சள் காமாலை பி தடுப்பூசியையும் கேளுங்கள்.

முடிந்தால் குளிக்காமல் போங்கள். குளித்துவிட்டீர்களா, அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அப்படியே போங்கள். அன்று உடுத்திய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் தங்கி ஆதாரம் கெட்டுவிடும். நியூஸ் பேப்பரில் சுற்றினால்கூடப் போதும்.

நம் பக்கத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி நான்கிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. எது பக்கமோ அங்கே போங்கள். தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் முதல் சிகிச்சையைப் பணம் வாங்காமல் தர வேண்டும் என்பது சட்டம் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., 397-ம் பிரிவு). மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் சொல்லும், அது அவர்கள் கடமை. அதற்காக “ஸ்டேஷனுக்குப் போய் எஃப்.ஐ.ஆர். போட்டுட்டு வாங்க, பிறகு பார்க்கலாம்” என்று திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை இல்லை. வயது வந்த பெண் புகார் கொடுக்க விரும்பவில்லை என்றாலும் சிகிச்சை உண்டு.

பரிசோதனைக்கு உங்கள் சம்மதம் வேண்டும். ஒவ்வொன்றையும் ஏன் செய்கிறீர்கள் என்று கேட்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். பிறப்புறுப்புக்குள் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை கூடவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. யாராவது செய்ய வந்தால் கூட இருப்பவர் அதைச் சொல்லித் தடுக்க வேண்டும்.

எச்.ஐ.வி. பரிசோதனை ஒரு முறையோடு முடியாது. ஆறாவது வாரமும் மூன்றாவது மாதமும் மறுபடி எடுக்க வேண்டும். காலண்டரில் குறித்துவையுங்கள். மாதவிடாய் தள்ளிப்போனால் ஒரு வாரம்கூடப் பொறுக்காதீர்கள். கருக்கலைப்புக்கு 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு 24 வாரம் வரை அனுமதி உண்டு, அதற்கு இரண்டு டாக்டர்கள் வேண்டும்.

2. மாதங்கள், வருடங்கள் ஆகிவிட்டதா? அப்போதும் கதவு திறந்துதான் இருக்கிறது

காலம் கடந்துவிட்டது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தூக்கம் வராதது, கெட்ட கனவு, நடந்தது திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, சத்தத்துக்குத் துள்ளி விழுவது, அந்த இடத்தையோ வாசனையையோ தவிர்த்துக்கொண்டே திரிவது, எதுவும் உறைக்காமல் மரத்துப்போவது எல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். பத்து வருடம் கழித்து வந்து குணமாகிறவர்களும் உண்டு.

வீட்டை விட்டு வெளியே போகவே முடியாத நிலை என்றால் முதலில் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்று பெயர். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு இல்லை. 181 மகளிர் உதவி எண்ணில் சொன்னால் உங்கள் மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைப்பார்கள். சகி மையம் என்றும் சொல்வார்கள். மருத்துவம், ஆலோசனை, சட்ட உதவி, காவல்துறை உதவி நான்குக்கும் அங்கிருந்தே வழிசெய்வார்கள். வீட்டில் இருக்க முடியாவிட்டால் ஐந்து நாள் வரை தங்கலாம். எனக்கு இது ஆரம்பத்தில் தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் மிஞ்சியிருக்கும்.

நேரே மருத்துவமனைக்குப் போவதென்றால் தஞ்சாவூரில் ஒரு குழப்பம் உண்டு. ஊருக்குள் இருக்கும் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரி பெண்களுக்கும் பிரசவத்துக்கும் உரியது. மனநலப் பிரிவுக்கு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாங்கள் முதல் நாள் மாறிப் போய் ஒரு காலைப்பொழுதை விட்டோம். புறநோயாளிப் பிரிவு மதியத்தோடு முடிந்துவிடும், அதனால் எட்டு மணிக்கெல்லாம் அங்கே இருங்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பக்கத்து வட்ட மருத்துவமனையில் “மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் என்னிக்கு வருவாங்க?” என்று கேளுங்கள். குறிப்பிட்ட கிழமைகளில் வருவார்கள்.

ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் எல்லார் காதிலும் விழ “என்ன பிரச்சினை?” என்பார்கள். அங்கே கதை சொல்ல வேண்டியதில்லை. “தூக்கம் இல்லை, மனநலப் பிரிவு” என்றால் போதும்.

உள்ளே போனதும் எனக்கு வாய் வரவில்லை. அத்தை அதை முன்பே யோசித்துவைத்திருந்தார். முதல் நாள் ராத்திரி என் கையாலேயே நோட்டில் அரைப்பக்கம் எழுதச் சொல்லியிருந்தார். எட்டாக மடித்து உள்ளங்கையில் வைத்திருந்தேன். நீட்டும்போது வேர்வையில் மை கரைந்து முதல் வரி அழிந்துபோயிருந்தது. டாக்டர் மிச்சத்தைப் படித்துவிட்டு, கதவருகே நின்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, “இன்னிக்கு நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்மா, தூக்கத்தைப் பத்தி மட்டும் பேசுவோம்” என்றார். நீங்களும் எழுதிக்கொண்டு போங்கள். பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள்.

3. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் தெரிந்துகொள்ள வேண்டியது

போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்த டாக்டரும் கவுன்சிலரும் ஆசிரியரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் அவர்கள் மேல் குற்றம். பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே சட்டம்தான். “கவுன்சிலிங் மட்டும் போதும், வெளியே தெரிய வேண்டாம்” என்று பிள்ளையைக் கூட்டிப்போகும் பெற்றோர் அங்கே போய் அதிர்ச்சி அடைகிறார்கள். முன்பே தெரிந்துகொண்டு போங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். வழக்கு முடியும்வரை பிள்ளையோடு நிற்க ஒரு துணை நபரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்க முடியும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

4. ஒரு கோப்பும் ஜெராக்ஸும்

அத்தையின் மஞ்சப்பையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் எப்போதும் இருக்கும். அதில் இருந்தவை: ஆதார் நகல், முதல் ஓ.பி. சீட்டும் அதற்குப் பிறகு வந்த எல்லாச் சீட்டும், மருந்துச் சீட்டுகள், பரிசோதனை முடிவுகள், எஃப்.ஐ.ஆர். நகல் (புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும்), வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், சாதிச் சான்று, பஸ் டிக்கெட்டுகள். சிகிச்சைக்கு ஆதாரும் ஓ.பி. சீட்டுமே போதும். மற்றவை இழப்பீட்டு மனுவுக்கு.

ஓ.பி. சீட்டைத் தொலைக்காதீர்கள். புதுச் சீட்டு போட்டால் அடுத்த முறை வேறு டாக்டர் முன்னால் உட்கார்ந்து முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும். எனக்கு இரண்டு முறை அப்படி ஆனது. ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் பின்னுக்குப் போனேன்.

ஜெராக்ஸ் கடை விஷயத்தில் மிகவும் கவனம். எஃப்.ஐ.ஆரை வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பிப் பிரிண்ட் எடுக்காதீர்கள். பக்கத்தில் நின்று நகல் எடுத்து, சரியாக வராத தாளையும் வாங்கிக் கிழித்துவிடுங்கள். உங்கள் ஊர்க் கடையில் வேண்டாம், அடுத்த ஊரில் எடுங்கள். பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிட்டால் இரண்டு வருடம் வரை சிறை (புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்., 72-ம் பிரிவு). ஊர் வாட்ஸ்அப் குழுவில் யாராவது போட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துப் புகார் கொடுங்கள்.

5. டாக்டர், உளவியலாளர், கவுன்சிலர்: மூன்றும் ஒன்றல்ல

மனநல மருத்துவர் நோயைக் கண்டறிவார், மாத்திரை எழுதுவார். கூட்டமுள்ள ஓ.பி.யில் அவரிடம் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம். மாதக்கணக்கில் பேசிச் செய்யும் சிகிச்சையைத் தருபவர் மருத்துவ உளவியலாளர். இவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள். கவுன்சிலர் என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம் என்பதுதான் இதில் பெரிய பொறி.

நான் ஒருமுறை ஒரு தனியார் கவுன்சிலரிடம் போனேன். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் “ஏன்மா சத்தம் போடல?” என்றார். அந்த ஒரு கேள்வி என்னை இரண்டு மாதம் வீட்டுக்குள் முடக்கியது. பயத்தின் உச்சத்தில் உடம்பு உறைந்துபோகும், குரல் வராது. அது உங்கள் முடிவல்ல, உடம்பு தானாகச் செய்வது. இது தெரியாதவரிடம் சிகிச்சை எடுக்காதீர்கள். முதல் நாளே எல்லாவற்றையும் விவரமாகச் சொல் என்பவர், மன்னித்துவிடு என்பவர், அவனுக்கே கட்டிவைக்கலாம் என்பவர், நீங்கள் சொன்னதை உங்கள் அப்பாவிடம் சொல்பவர், இப்படி ஒருவர் அமைந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மனநலச் சிகிச்சையில் ரகசியம் காப்பது 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் உரிமை. பெண் உளவியலாளர்தான் வேண்டும் என்றும் கேட்கலாம்.

6. சிகிச்சை என்றால் உள்ளே என்னதான் நடக்கும்?

எனக்கு யாரும் சொல்லித் தராதது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். வாரம் ஒரு முறை, ஒரு மணி நேரம் அல்லது கொஞ்சம் கூடுதல். பெரும்பாலும் எட்டிலிருந்து பதினாறு அமர்வு. எனக்குப் பதினான்கு.

முதல் சில வாரம் நடந்ததைப் பற்றிப் பேச்சே இல்லை. திடுக்கிடும் நேரத்தில் நிகழ்காலத்துக்குத் திரும்பி வருவதற்குப் பயிற்சி. கண்ணில் படும் ஐந்து பொருள், கைக்குத் தட்டுப்படும் நான்கு, காதில் விழும் மூன்று என்று எண்ணச் சொன்னார்கள். நான் பஸ்ஸில் எண்ணுவேன்: ஜன்னல் கம்பி, கண்டக்டர் பை, பூக்கூடை. ஆரம்பத்தில் இதெல்லாம் என்ன வைத்தியம் என்று தோன்றும். மூன்றாவது வாரம் வேலை செய்ய ஆரம்பித்தது.

பிறகு ஒரு பட்டியல். பயத்தால் தவிர்க்கும் விஷயங்களைக் குறைந்ததிலிருந்து கூடியது வரை எழுத வேண்டும். என் பட்டியலின் அடியில் இருந்தது போனில் எஞ்சின் சத்தம் கேட்பது. உச்சியில் இருந்தது எங்கள் வாய்க்கால் பாதையில் தனியாக நடப்பது. முதலில் அறைக்குள் சத்தத்தை மெல்ல வைத்துக் கேட்டோம். அப்புறம் வீட்டுப்பாடமாக அத்தையோடு மெயின் ரோட்டில் நின்று, தூரத்தில் ஓடும் மோட்டாரைப் பத்து நிமிடம் கேட்க வேண்டும். முதல் நாள் நான்கு நிமிடத்தில் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் இழுத்துக்கொண்டு ஓடவில்லை, வா என்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டு மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் முடிந்தபோது நெஞ்சு படபடப்பு தானாகவே இறங்கியிருந்தது. அது இறங்கும் என்று உடம்புக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் இந்தச் சிகிச்சை. ஆனால் உளவியலாளர் சொல்லாமல் நீங்களாக இதைத் தொடங்காதீர்கள், படி தவறினால் பயம் கூடிவிடும்.

நடந்ததைச் சொல்வது நடுவில் வரும். அந்த இரண்டு மூன்று வாரம் கனவும் அழுகையும் கூடும். பலர் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். கூடுகிறது என்று உளவியலாளரிடம் சொல்லுங்கள், வேகத்தைக் குறைப்பார். அந்த வாரங்களில் வேறு பெரிய காரியம் வைத்துக்கொள்ளாதீர்கள். துணைக்கு வருபவர் நடவுக்கோ அறுப்புக்கோ போகிறவர் என்றால் சம்பா நடவும் பொங்கலையொட்டிய அறுப்பும் இல்லாத மாதங்களில் தொடங்குவது நல்லது. கூலியை விட்டுவிட்டு வாரா வாரம் வருவது யாருக்கும் முடியாது.

கண்ணை இடவலமாக அசைக்கச் சொல்லிச் செய்யும் இ.எம்.டி.ஆர். என்ற முறையும் இருக்கிறது. அதுவும் பயனுள்ளது என்று உறுதியானதுதான். உங்கள் ஊரில் எது கிடைக்கிறதோ அதை எடுங்கள்.

7. மாத்திரை

செர்ட்ராலின், ஃப்ளூக்செட்டின் போன்றவற்றைத்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரம் வயிற்றைப் புரட்டும், பிறகு அடங்கும். இவை போதை மருந்தல்ல. ஆனாலும் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். அது பழக்கமாகிவிடும், இந்த நோய்க்கு மருந்தும் அல்ல.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அடுத்த ஓ.பி. நாள் வரை காத்திருக்காதீர்கள். உடனே 14416 அல்லது அரசு சுகாதார உதவி எண் 104, அல்லது நேராக அவசரப் பிரிவு. வீட்டில் இருப்பவர்களுக்கு: வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து டப்பா எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது, இன்றைக்கே வேறு வீட்டில் கொண்டுபோய் வையுங்கள்.

8. செலவும் இழப்பீடும்

அரசு மருத்துவமனையில் சீட்டு, மாத்திரை, உளவியலாளர் எதற்கும் காசு இல்லை. திருச்சியில் தனியாரிடம் நான் ஒரு அமர்வுக்கு 1,000 ரூபாய் கொடுத்தேன், மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாறி மாறிப் போனால் செலவு மிச்சம், நேரம் கூடுதல்.

இழப்பீடு தீர்ப்புக்குப் பிறகுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் முதலிலேயே மனு கொடுத்து இடைக்கால நிவாரணம் கேட்கலாம். பாதிக்கப்பட்ட பெண்களுக்கான 2018-ம் வருட இழப்பீட்டுத் திட்டப்படி பாலியல் வன்புணர்வுக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் ரூபாய் வரை. எஃப்.ஐ.ஆர். நகலும் மருத்துவ ஆவணங்களும் வேண்டும். மனநலச் சிகிச்சைக்கும் கவுன்சிலிங்குக்கும் ஆன செலவு, இனி ஆகப்போகும் செலவு இரண்டையும் கணக்கில் எடுப்பார்கள். அதனால்தான் அந்த பஸ் டிக்கெட்டுகள். சம்பவம் நடந்தோ கோர்ட்டு விசாரணை முடிந்தோ மூன்று வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். வழக்கமாக 25 சதவீதம் கைக்கு வரும், மீதி 75 சதவீதம் குறைந்தது மூன்று வருடம் வைப்புத்தொகையில் இருக்கும். சிகிச்சைக்கு அவசரம் என்றால் முன்பே எடுக்க ஆணைக்குழுவிடம் கேட்கலாம். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருக்கட்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பெண் என்றால், குற்றவாளி அந்தப் பிரிவினர் அல்லாதபோது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தனி நிவாரணம் உண்டு. மருத்துவ அறிக்கை உறுதியானதுமே பாதித் தொகை கிடைக்க வேண்டும். சாதிச் சான்று அதற்குத்தான்.

வக்கீலுக்கும் செலவில்லை. வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, சட்ட உதவி எண் 15100-ஐ அழையுங்கள். “மனநல வைத்தியம் பார்த்தால் பைத்தியம் என்று சொல்லி கேஸைக் கெடுத்துவிடுவார்கள்” என்று எங்களுக்கு ஒருவர் சொன்னார். அதை நம்பித்தான் அப்பா தள்ளிப்போட்டார். உண்மையில் அந்தச் சீட்டுகள் உங்களுக்கு ஏற்பட்ட காயத்தின் சாட்சி.

9. வீட்டில் இருப்பவர்களுக்கு

மனசு சரியில்லாதவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் குணசீலம் கோயிலுக்குப் பெரியம்மா என்னைக் கூட்டிப்போனார். போனேன், மனசுக்கு இதமாகத்தான் இருந்தது. கோயிலுக்குப் போங்கள், மாத்திரையையும் பையில் எடுத்துப்போங்கள். காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் அடிக்கவோ பட்டினி போடவோ மட்டும் விடாதீர்கள். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கலாம் என்று வருவார்கள். இந்தக் குற்றத்தைச் சமரசம் செய்து முடிக்கச் சட்டத்தில் இடமில்லை.

என்ன நடந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். தூங்கும்போது தொட்டு எழுப்பாதீர்கள், கொஞ்சம் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். விளக்கை எரியவிட்டுத் தூங்கினால் கரண்ட் பில்லைப் பேசாதீர்கள். என் அம்மா ஒன்றும் கேட்கவில்லை, எட்டு மாதம் பாயை என் அறை வாசலில் போட்டுப் படுத்தார்.

10. கோர்ட்டு தேதிக்கு முன்னும் பின்னும்

சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கும்போதுதான் சம்மன் வரும். அந்த வாரம் பழைய கனவு திரும்பிவரலாம். எல்லாம் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். சம்மன் கைக்கு வந்த அன்றே உளவியலாளரிடம் இரண்டு தேதி வாங்குங்கள், ஒன்று சாட்சி சொல்வதற்கு இரண்டு நாள் முன், ஒன்று மறுநாள். விசாரணை மூடிய அறையில் நடக்கும். உங்கள் பழைய வாழ்க்கையையும் நடத்தையையும் கிளற எதிர்த்தரப்புக்குச் சட்டத்தில் இடமில்லை, கேட்டால் நீதிபதியிடம் சொல்லுங்கள். அன்று தண்ணீர் பாட்டில், பிஸ்கட், காலை மாத்திரை, ஒரு மாற்றுத் துப்பட்டா எடுத்துப்போங்கள். காலையில் வரச் சொன்னாலும் சாயங்காலம்வரை உட்கார வேண்டியிருக்கும். சில நாள் ஒத்திவைத்துத் திருப்பி அனுப்புவார்கள். அதனால் மறுநாளுக்கு வாங்கிய தேதியை, சாட்சி சொன்னாலும் சொல்லாவிட்டாலும், ரத்து செய்யாதீர்கள்.